மனிதப் புரதமும் ஜெப எண்ணெயும்

எங்கள் ஆய்வகத்தில் விலை கூடிய பொருள் எது என்று யாராவது கேட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத்தான் நான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் டியூப். உள்ளே மனிதப் புரதம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாலும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. ஈரத்தை எல்லாம் இழுத்து உலர்த்தியிருப்பதால் அடியிலோ ஓரத்திலோ படலமாக ஒட்டியிருக்கும் என்று சொல்வார்கள். சொல்பவர்களும் அதைப் பார்த்ததில்லை.

முதல் டியூப் வந்தபோது நான் செய்த காரியத்தை ஆய்வகத்துக்குத் தலைவியான எங்கள் மேடம் இன்றைக்கும் தேநீர் வேளையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பல மாதம் காத்திருந்து வந்த பொருள். பெட்டியைப் பிரித்தேன், டியூப்பைப் பார்த்தேன், வெறும் டியூப். கம்பெனிக்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு இரத்தம் கொதித்துவிட்டது. மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பிறகு பல கோணத்தில் படம் பிடித்து, இப்படி ஏழை நாட்டு விஞ்ஞானிகளின் வயிற்றில் அடிக்கலாமா என்கிற தொனியில் ஒரு மின்னஞ்சல் எழுதி, மேடத்துக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் பிரதி போட்டேன். மறுநாள் மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. புரதம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வழக்கம்தான், மூடியைத் திறக்குமுன் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கவும், இது இணைத்துள்ள துண்டுத் தாளின் முதல் வரியிலேயே இருக்கிறது என்று. துண்டுத் தாளை நான் குப்பையில் போட்டிருந்தேன். நான் எட்டிப் பார்த்த நேரத்தில் ஒரு தும்மல் வந்திருந்தால் அத்தனை மாதக் காத்திருப்பும் பறந்திருக்கும் என்று மேடம் சொல்வார். சொல்லிவிட்டு எனக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுப்பார்.

பதுளைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஆய்வகத்தில் நான் ஆராய்ச்சி உதவியாளர். யாராவது கேட்டால் ‘ஆராய்ச்சி’ என்பதை நிறுத்திச் சொல்லிவிட்டு ‘உதவியாளர்’ என்பதை விழுங்கிவிடுவது என் பழக்கம். எங்கள் வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கம், தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்று. அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா தேயிலைப் பேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் லயத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலை செய்கிற முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டுக்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான் உண்டு. ஆகவே நான் டொக்டர். டொக்டர் இல்லை என்று நான் எல்லாரையும் திருத்தத்தான் செய்தேன். ஆனால் கொஞ்சம் மெதுவான குரலில் திருத்துவேன்.

நான் உண்மையில் ஆராய்வது அந்தப் புரதத்தை அல்ல, தேயிலையை. தேயிலைச் சாறு காயத்தை ஆற்றுமா என்பதுதான் கேள்வி. மனிதத் தோலின் செல்களை ஒரு சின்னத் தட்டில் பாய் விரித்த மாதிரி வளர்ப்போம். அதன் நடுவே ஒரு கோடு கீறுவோம். அதுதான் காயம். பிறகு இரண்டு கரையிலும் இருக்கிற செல்கள் எவ்வளவு வேகமாக நகர்ந்து வந்து அந்தக் கோட்டை மூடுகின்றன என்று நுண்ணோக்கியில் பார்ப்போம். ஒரு தட்டில் தேயிலைச் சாறு, ஒரு தட்டில் ஒன்றும் இல்லை, இன்னொரு தட்டில் இந்தப் புரதம். தோல் செல்களை வளரச் செய்கிற வேலையை நம் உடம்பில் செய்கிற புரதம் அது. அதனால் அதுதான் அளவுகோல். அதோடு தேயிலை போட்டி போட வேண்டும். அநேகமாகத் தேயிலை தோற்கும். அம்மா ஆயுள் முழுக்கக் கிள்ளிய இலை என்பதால் நான் அதன் பக்கம் நின்று கைதட்டிப் பார்த்திருக்கிறேன். செல்கள் அதையெல்லாம் கவனிப்பதில்லை.

ஒரு டியூப் தீர்ந்துபோனால் கழிவில் போட்டுவிட வேண்டும். ஒன்றை மட்டும் நான் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேலையைப் பற்றி வீட்டில் கேட்கும்போதெல்லாம் கையால் காற்றில் படம் வரைந்து காட்டி அலுத்துவிட்டது. பொருளைக் காட்டினால் மதிப்பாக இருக்கும் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் வைத்தேன்.

“இது என்னா?” என்றார் அம்மா.

“மனுசப் புரோட்டீன் வந்த டியூப்பு.”

“மனுசனோடதா? யாரோடது?”

“யாரோடதும் இல்லம்மா. நம்ம ஒடம்புக்குள்ள இத எப்பிடிச் செய்யணும்னு ஒரு குறிப்பு இருக்கு. அந்தக் குறிப்ப எடுத்து ஒரு கிருமிக்குள்ள வச்சுட்டா, அந்தக் கிருமி செஞ்சு குடுத்துரும்.”

“கிருமி சமைக்கிறதா?”

“அப்பிடித்தான் வச்சுக்க.”

அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அவர் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. அவர் சத்தத்தைக் குறைத்தால் கேட்கிறார் என்று அர்த்தம். எனக்கு அது போதும், மேடை கிடைத்துவிட்டது. இது பட்டால் தோல் வளரும் என்றேன். தட்டில் இருக்கிற செல் என்பதை எந்த இடத்தில் சொல்லாமல் விட்டேன் என்று ஞாபகம் இல்லை. சுத்தமான தண்ணீரில் கரைப்போம், ஒரு துளியே போதும், குளிரில் வைக்க வேண்டும் என்றேன்.

“இப்ப உள்ள எவ்வளவு இருக்கு?” என்றார் அப்பா.

“இப்ப ஒண்ணும் இல்லப்பா, காலி. ஆனா நெறைய இருந்தாலும் இப்பிடித்தான் தெரியும்.”

அம்மா அந்த டியூப்பை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, கண்ணாடி அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தார். என் பள்ளிக்கூடக் கேடயங்கள்கூட அந்தத் தட்டுக்குப் போனதில்லை. நான் பெருமையோடு பஸ் ஏறினேன்.

இந்த இடத்தில் எங்கள் ஜெபவீட்டு எண்ணெயைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது விளங்காது. பாஸ்டர் தேங்காயெண்ணெயை வைத்து ஜெபித்து, சின்னச் சின்னப் போத்தலில் கொடுப்பார். தலைவலி, பிள்ளைக்கு வயிற்றுவலி, மாடு கறக்கவில்லை, எதற்கும் அதில் ஒரு சொட்டு. போத்தலில் எண்ணெய் குறைந்துவிட்டால் திரும்பவும் பாஸ்டரிடம் ஓட வேண்டியதில்லை. முழுக்கத் தீர்வதற்குள் கடையில் வாங்கிய எண்ணெயை மேலே ஊற்றிக்கொள்ளலாம். அடியில் ஒரு பொட்டு மிச்சம் இருந்தால் போதும், ஜெபம் புது எண்ணெய்க்கும் வந்துவிடும். இது பாஸ்டர் சொன்னதல்ல, லயத்துப் பெண்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. எங்கள் வீட்டுப் போத்தல் நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் போத்தல். இன்னும் தீரவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் போகுமுன் அதில் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டுதான் உயிரியல் எழுதினேன். ஆகவே இதைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்கு இல்லை.

அப்பாவுக்கு வெகுகாலமாகச் சீனி வியாதி. ஒரு கல்யாணத்துக்குப் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனதில் காலின் சின்ன விரல் உரசிப் புண்ணாகிவிட்டது. பதுளைக் கிளினிக்கில் காட்டினார். ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து மருந்து கட்ட வேண்டும், காலைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆய்வகத்தில் எனக்கு வேலை நெருக்கியது. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அன்றைக்கும் தீனி போட வேண்டும். டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவள், ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஃபோனில் கேட்டால் அம்மா, “ஸ்தோத்திரம், நல்லா ஆறுது” என்பார். நல்லது என்று வைத்துவிட்டு, தட்டில் இருக்கிற காயத்தைப் பார்க்கப் போய்விடுவேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். அலமாரியில் டியூப்பைக் காணவில்லை. அது குசினியில், சட்டி பானைகள் இருக்கிற மூலையில் ஒரு சில்வர் டம்ளருக்குள், குளிர்ந்த தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. டியூப்புக்குள்ளும் தண்ணீர் இருந்தது.

“குளிர்ல வைக்கணும்னு சொன்னியே” என்றார் அம்மா.

“உள்ள என்னம்மா?”

“அப்பா காலுக்குத்தான். காலையில ஒரு சொட்டு, ராவைக்கு ஒரு சொட்டு. தீர்றதுக்குள்ள மேல ஊத்திக்கிறேன். பயப்படாத, கொதிச்சு ஆறுன தண்ணி.”

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. எழுத வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. மேடத்திடம் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் கேட்டேன், கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று.

“கிளினிக்குக்கு எதுக்கு? நான்தான் சாட்சி சொல்லியாச்சே.”

எங்கள் ஜெபவீட்டில் ஆராதனைக்கு நடுவில் யாரும் எழுந்து நின்று, கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். அதற்குச் சாட்சி என்று பேர். விசுவாசம் கூடிய ஆட்கள் நன்மை வருமுன்னே நன்றி சொல்லிவிடுவார்கள். அம்மா அப்படித்தான் எழுந்து நின்று, தன் மகளின் கையால் தோல் வளர்கிற மருந்தைக் கர்த்தர் இந்த வீட்டுக்கு அனுப்பினார், தன் புருசனின் கால் சுகமாயிற்று என்று சொல்லியிருக்கிறார். ஆயிற்று என்று நன்றி சொன்ன பிறகு கிளினிக்கில் போய் வரிசையில் உட்கார்ந்தால் அது அவிசுவாசம். அந்த வரிசையில் பாதி எங்கள் தோட்டத்து ஆட்கள் வேறு.

டியூப்பை எடுத்து, ஒட்டியிருந்த தாளை வாசித்துக் காட்டினேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குப் பாவிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றேன்.

“மனுசனோடதுன்னு நீதானே சொன்ன?”

“ஆமா.”

“மனுசனோடது மனுசனுக்கு ஆகாதா?”

தூய்மை, அனுமதி, பரிசோதனை என்று நான் நீளமாக ஒரு பதில் சொன்னேன். அம்மா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, ரொட்டி ஆறிப்போகிறது, சாப்பிடு என்றார்.

அப்பா காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் அவர் காலுறை போட்டு நான் பார்த்ததில்லை. காலைக் காட்டுங்கள் என்றேன். “ஜெபத்துக்குப் போயிட்டு வாங்க, அப்புறம் பாப்போம்” என்றார். நானும் விட்டுவிட்டேன். ஏனென்றால் என் தலைக்குள் அதற்குள் ஒரு திட்டம் உருவாகியிருந்தது. சாட்சியால் வந்ததைச் சாட்சியால்தான் எடுக்க வேண்டும். நானே எழுந்து நின்று சபைக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டால், அப்பா யாருக்கும் பயப்படாமல் கிளினிக்குக்குப் போகலாம் அல்லவா?

சாட்சி நேரத்தில் எழுந்தேன்.  “எங்க அம்மா சொன்ன அந்த மருந்து, மருந்தே இல்லங்க” என்றேன்.

“ஆமென்” என்றது சபை.

“அந்த டியூப்புல ஒண்ணுமே இல்ல.”

“ஸ்தோத்திரம்.”

“நான் டொக்டரும் இல்ல. என்னால யாரையும் சொகமாக்க முடியாது.”

அதற்குத்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடச் சத்தமாக அல்லேலூயா விழுந்தது. ஒரு நல்ல விசுவாசி என்ன சொல்ல வேண்டுமோ அதையே நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் விளக்கமாகச் சொல்லலாம் என்று செல், தட்டு, அளவுகோல் என்று ஆரம்பித்தேன். பாஸ்டர் கையைத் தூக்கி அன்பாக என்னை உட்கார வைத்தார். “சகோதரியோட தாழ்மையப் பாருங்க. இவ்வளவு படிச்சிட்டும், எனக்குள்ள ஒண்ணும் இல்ல, மகிமையெல்லாம் கர்த்தருக்கேன்னு சொல்றாங்க” என்றார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு அக்காமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முழங்காலுக்கும் அது கேட்குமா, ஒரு டியூப் கிடைக்குமா என்று கேட்டார்கள். இருபது நிமிசப் பேச்சுக்கு மாநாட்டில்கூட எனக்கு இப்படி ஒரு வரவேற்புக் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவரைக் கேட்காமல் நானே காலுறையைக் கழற்றினேன்.

சின்ன விரல் கறுத்துப்போயிருந்தது. பக்கத்து விரலிலும் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. நாற்றம் அடித்தது. வருசக்கணக்காகக் காயம் ஆறுவதைப் படிக்கிறவள் நான். என் தட்டில் காயம் என்பது நேராக ஒரு கோடு. அதில் சீழ் வராது, நாறாது, அது யாருடைய காலிலும் இருக்காது. கையில் காலுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. அம்மா குசினிக்குப் போய் டம்ளரைத் தண்ணீரோடும் டியூப்போடும் கொண்டுவந்து வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்துவிட்டு, அப்பாவின் நல்ல சட்டையை எடுத்துவந்தார்.

த்ரீவீலரில் பதுளைக்குப் போகும்போது அப்பா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எங்கே போகிறோம் என்றும் கேட்கவில்லை. பிடிவாதம் பிடிப்பார், சண்டை போட வேண்டியிருக்கும் என்று நான் தயாராக இருந்தேன். அவர் பாட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், என்னைவிட வயது குறைந்தவர், காலைப் பார்த்துவிட்டு இதற்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார். தண்ணீர் என்றேன். என்ன தண்ணீர் என்றார். கொதித்து ஆறிய தண்ணீர் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பதவிப் பெயரில் எல்லாவற்றையும் விழுங்கிவிட வேண்டும் போல் இருந்தது. காயம் ஆறுவதைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

மறுநாள் வார்டில் அம்மா பிளேன்டீ வாங்கக் கீழே போயிருந்தார். நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மாவோடு சமாதானம் ஆகிவிட்டது. அவர் நம்பினார், நம்புகிற ஆள். எனக்கு விளங்காதது அப்பாதான். அவர் சாட்சி சொல்கிறவர் அல்ல, ஜெபவீட்டுக்கே கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்தான் வருவார்.

“அம்மாவ விடுங்க. நீங்களும் அத மருந்துன்னு நம்புனீங்களாப்பா?”

“இல்லம்மா.”

“நம்பாமயா அத்தன நாளும் கால நீட்டிக்கிட்டு இருந்தீங்க?”

“வெறும் தண்ணிதானே. அவ சந்தோசத்துக்கு ஊத்தட்டும்னு விட்டேன்.”

“சரி. கிளினிக்குக்கு ஏன் போகல?”

அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பார்த்தபடியே சொன்னார்: “கிளினிக்கு பஸ்ல பூராவும் நம்ம ஆளுங்கதான். ஒங்கம்மா சாட்சி சொன்னதுலருந்து என் காலத்தான் எல்லாரும் பாக்குறாங்க. நான் போயி அங்க வரிசையில குந்துனா, அந்தப் புள்ள படிச்சது ஒண்ணும் இல்ல போலன்னு பேசுவாங்க. நீ வீட்டுக்கு வர்றப்போ ஒன் மூஞ்சிக்கு முன்னாலயே சிரிப்பாங்க.”

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

“ஒரு வெரலுதானே போகும்னு இருந்தேன்” என்றார்.

தோட்டமே கூடி நின்று சிரித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நானே எல்லாருக்கும் முன்னால் சிரித்திருப்பேன். வெறும் டியூப் என்று கம்பெனிக்கு எழுதிய கதையை ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும், பஸ் கண்டக்டருக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் மட்டும் சொன்னதில்லை. வீட்டுக்கு நான் எப்போதும் வெள்ளைக் கோட்டுக்காரியாகத்தான் போவேன். என் மேல் யார் சிரித்தாலும் நான் செத்துப்போவேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அப்படி நினைக்கிற மாதிரிதான் நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

கட்டில் ஓரத்தில் தலையை வைத்து அழுதேன். அவர் என் முதுகில் கையை வைத்தார்.

“அழாத. வலியெல்லாம் இல்லம்மா” என்றார். “ஊசி போட்டிருக்காங்க.”